பழைய ஃபிளாஷ், புதிய கேமரா: நடுவில் எத்தனை வோல்ட்?

ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்றை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "மாட்டவே மாட்டாதே, போர்டு போய்விடும்" என்பார் ஒருவர். "நான் வருடக்கணக்காக மாட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பார் இன்னொருவர். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் வைத்திருந்த ஃபிளாஷின் அடிப்பாகத்தில் 6 வோல்ட் இருந்திருக்கும், மற்றவருடையதில் 250 வோல்ட் இருந்திருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாகக்கூட இருக்கலாம்.

ஆகவே ஃபிளாஷின் வயதை வைத்தோ பெயரை வைத்தோ முடிவு செய்ய முடியாது. கையில் இருக்கும் அந்த ஒரு ஃபிளாஷ், அடியில் கேமராவைத் தொடும் தன் முனையில் எத்தனை வோல்ட் வைத்திருக்கிறது, அதை மாட்டப்போகும் கேமரா எத்தனை வோல்ட் தாங்கும் என்ற இரண்டு எண்கள்தான் கணக்கு. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று சந்தேகமாக இருந்தால், மின்சாரம் கேமராவுக்குள் போகாதபடி ஃபிளாஷைத் தனியே நிறுத்தி எரிய வைக்க வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், பழைய ஃபிளாஷுக்குச் சரியான இடமே கேமராவின் தலைக்கு மேல் அல்ல, தள்ளி ஒரு ஸ்டாண்டில்தான். முதலில் இந்த வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பது.

ஃபிளாஷுக்குள் என்ன நடக்கிறது

நான்கு சின்ன பேட்டரி போட்டால் கிடைப்பது வெறும் 6 வோல்ட். அதை வைத்துச் செனான் வாயு அடைத்த குழாயை எரிய வைக்க முடியாது. அதனால் ஃபிளாஷுக்குள் இருக்கும் ஒரு சர்க்யூட் அந்த 6 வோல்ட்டைச் சுமார் 300 வோல்ட்டுக்கு உயர்த்தி ஒரு பெரிய கெபாசிட்டரில் சேமிக்கிறது. ஃபிளாஷை ஆன் செய்ததும் 'ங்ங்...' என்று ஏறிக்கொண்டே போகும் மெல்லிய சத்தம் அதுதான். ஆனால் 300 வோல்ட் இருந்தாலும் குழாய் தானாக எரியாது. சாதாரண நிலையில் செனான் வாயு மின்சாரத்தைக் கடத்தாது. அதைக் கடத்த வைக்க, குழாயின் வெளிப்பக்கம் சில ஆயிரம் வோல்ட் அளவில் ஒரு சின்ன அதிர்வு கொடுக்க வேண்டும். அந்த அதிர்வு கிடைத்த நொடியில் வாயு கடத்தியாக மாறுகிறது. கெபாசிட்டரில் இருந்த மொத்தச் சக்தியும் குழாய் வழியாகப் பாய்ந்து வெளிச்சமாகிவிடுகிறது.

அந்த அதிர்வை உண்டாக்கும் வேலைதான் ட்ரிகர். பழைய வடிவமைப்பில் இதை மிக எளிமையாகச் செய்தார்கள். பெரிய கெபாசிட்டரில் இருக்கும் 300 வோல்ட், மெகா ஓம் அளவிலான ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போய் இன்னொரு குட்டிக் கெபாசிட்டரை நிரப்பும். குட்டிக் கெபாசிட்டரை ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருடன் இணைத்திருப்பார்கள். இணைப்பு முழுமையாவதற்கு ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் பாக்கி. அந்த சுவிட்ச் ஃபிளாஷில் இல்லை, கேமராவுக்குள் இருந்தது. ஷட்டர் முழுக்கத் திறந்ததும் இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும். குட்டிக் கெபாசிட்டர் காலியாகும், டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கும், ஃபிளாஷ் எரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 200, 300 வோல்ட் எப்போதும் கேமராவின் சுவிட்சுக்குக் குறுக்கே காத்துக்கொண்டு நிற்கிறது என்பது. அப்போதைய கேமராவுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்வதற்கு 6 வோல்ட் என்றாலும் ஒன்றுதான், 300 வோல்ட் என்றாலும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கான முறை எரிந்தபின் தகடுகளின் முகப்பில் கருகல் விழும், சுத்தம் செய்தால் மறுபடி வேலை செய்யும்.

டிஜிட்டல் கேமராவில் இந்தத் தகடுகளுக்குப் பதிலாகக் குறைகடத்தி சுவிட்ச் வந்துவிட்டது. கேமராவின் கணினி ஒரு சைகை கொடுத்தால் அது மூடி இணைப்பை முழுமையாக்கும். தேய்மானம் கிடையாது, நேரமும் துல்லியம். ஆனால் எந்தக் குறைகடத்திக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சுவிட்ச் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளலாம், அல்லது நிரந்தரமாகத் திறந்தே கிடக்கலாம். முதல் வகையில் படம் எடுக்காமலேயே ஃபிளாஷ் தானாக எரியலாம். இரண்டாவது வகையில் எந்த ஃபிளாஷை மாட்டினாலும் எரியாது. சேதம் அந்த ஒரு பாகத்தோடு நிற்குமா, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்குமா என்பது அந்தந்த கேமராவின் சர்க்யூட்டைப் பொறுத்தது. ஹாட் ஷூ (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) மட்டும் செத்து மற்றதெல்லாம் நன்றாக ஓடும் கேமராவும் உண்டு. இன்னொரு விஷயம், சேதம் முதல் தடவையிலேயே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. வரம்பை ஒட்டி வேலை செய்யும் பாகம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து பிறகு ஒரு நாள் போகலாம். "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்பதை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

பின்னால் ஃபிளாஷ் தயாரிப்பாளர்களும் மாறினார்கள். குட்டிக் கெபாசிட்டரைக் காலி செய்யும் சுவிட்சை ஃபிளாஷுக்குள்ளேயே ஒரு தைரிஸ்டராக (ஒரு வகைக் குறைகடத்தி சுவிட்சாக) வைத்துவிட்டு, அந்தத் தைரிஸ்டருக்குச் சைகை கொடுக்க மட்டும் கேமராவைப் பயன்படுத்தினார்கள். இந்த வகை ஃபிளாஷின் முனையில் சில வோல்ட்தான் இருக்கும். ஆனால் இந்த மாற்றம் ஒரே வருடத்தில், எல்லாக் கம்பெனியிலும் நடந்ததல்ல. பழைய எளிய சர்க்யூட் மலிவு என்பதால், குறைந்த விலை ஃபிளாஷ்களில் அது வெகுகாலம் தொடர்ந்தது. அதனால் வருடத்தை வைத்துக் கணிப்பதும் ஆபத்து.

விவிடார் 283 இதற்கு நல்ல உதாரணம். 1970களில் வந்து உலகம் முழுக்க விற்ற ஃபிளாஷ் அது. ஜப்பானில் செய்த ஆரம்பகால 283களில் முனை வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் இருக்கும். பின்னாளில் வேறு நாடுகளில் செய்த அதே 283களில் பத்து வோல்ட்டை ஒட்டி இருக்கும். உடம்பு ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். 285ஹெச்வி என்ற மாடலில் வேறொரு குழப்பம். பெயரில் இருக்கும் ஹெச்வி 'ஹை வோல்டேஜ்' என்பதைக் குறிப்பதால் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அது வெளியிலிருந்து உயர் வோல்ட் பேட்டரி பேக் இணைக்கும் வசதியைச் சொல்கிறதே தவிர, கேமரா பக்கம் இருக்கும் ட்ரிகர் வோல்டேஜை அல்ல. அந்த மாடலில் அது குறைவுதான்.

ஃபிளாஷ்களின் ட்ரிகர் வோல்டேஜ் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு யாரோ, வேறு ஏதோ மீட்டரில், அவரிடம் இருந்த ஒரு ஃபிளாஷை அளந்த அளவு. அதை உங்கள் ஃபிளாஷுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேமரா எவ்வளவு தாங்கும்

இந்தப் பக்கம் பார்த்தால் எண்கள் இன்னும் குழப்பமானவை. 6, 24, 250, 300 என்று நான்கு எண்கள் புழங்குகின்றன. நான்கும் எங்கிருந்தோ முறையாக வந்தவைதான்.

24 வோல்ட் என்பது சர்வதேசத் தரத்திலிருந்து வருகிறது. 1992-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 10330 என்ற தரம் கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவிலான மின் இணைப்பைப் பற்றியது. அதில் கேமரா தாங்க வேண்டிய அளவாகச் சொல்லப்படுவது 24 வோல்ட். ஒலிம்பஸ் தன் டிஜிட்டல் கேமராக் கையேடுகள் சிலவற்றில் இதே எண்ணைத்தான் எச்சரிக்கையாகக் கொடுத்தது. 6 வோல்ட் என்ற பயமுறுத்தும் எண், கேனனின் ஆரம்பகால டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். மாடல்கள் சிலவற்றுக்குச் சொல்லப்பட்டது. அது அப்படியே பரவி, எல்லாக் கேமராவுக்கும் பொதுவான விதி மாதிரி ஆகிவிட்டது.

நிக்கான் கையேடுகள் ஹாட் ஷூவில் 250 வோல்ட்டுக்கு மேலோ, எதிர்மறை வோல்ட்டோ கொடுக்கக் கூடாது என்கின்றன. ஃபூஜிஃபிலிம் தன் கேமராக்களுக்கு 300 வோல்ட்டை எல்லையாகச் சொல்கிறது. கேனனின் பிற்கால மாடல்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கவாட்டில் ஃபிளாஷ் கம்பியைச் செருகுவதற்கு இருக்கும் பி.சி. சாக்கெட்டில் 250 வோல்ட்டோ அதற்கு மேலோ தேவைப்படும் ஃபிளாஷை இணைக்காதீர்கள் என்று கையேடு சொல்லும். அதே கையேடு, ஹாட் ஷூவில் உயர் வோல்ட் ஃபிளாஷை மாட்ட வேண்டாம், எரியாமல் போகலாம் என்றும் சொல்லும். ஒரே கேமராவில் இரண்டு வாசலுக்கு இரண்டு விதி. சோனி, பானசோனிக் கையேடுகள் உயர் வோல்ட் ஃபிளாஷும் துருவம் மாறிய ஃபிளாஷும் வேண்டாம் என்று பொதுவாக எச்சரிப்பதுண்டு.

இதிலிருந்து நடைமுறைக்கு என்ன எடுத்துக்கொள்வது? உங்கள் மாடலின் கையேட்டில் எண் இருந்தால் அதுதான் விதி. எண் இல்லையென்றால் 24 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பது நியாயமான கட்டுப்பாடு. கையேடு எதுவும் சொல்லாத பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமராவாக இருந்தால் நான் 6 வோல்ட்டுக்கு மேல் போகமாட்டேன். 250 என்று கையேடு சொன்னாலும் 240 காட்டும் ஃபிளாஷை மாட்டுவது அறிவாளித்தனம் அல்ல. ஏன் என்றால், மீட்டர் காட்டும் எண் உண்மையான எண்ணைவிடக் குறைவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அளப்பது எப்படி

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். டி.சி. வோல்ட்டில் 600 அல்லது 1000 வரை அளக்கும் ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷில் புது பேட்டரி போட்டு ஆன் செய்து, ரெடி விளக்கு எரிந்த பிறகும் ஒரு நிமிடம் காத்திருங்கள். ரெடி விளக்கு முழுச் சார்ஜுக்கு முன்பே எரிய ஆரம்பித்துவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. ஃபிளாஷின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மீட்டரின் முனை நழுவி இரண்டு இணைப்பையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் ஃபிளாஷ் எரியும், அது உங்கள் கண்ணுக்கு நேரே எரியக் கூடாது.

ஃபிளாஷின் அடியில், நடுவே இருக்கும் பெரிய பொட்டுதான் ட்ரிகர் முனை. சிவப்பு முனையை அதில் வையுங்கள். கறுப்பு முனையை அடிப்பாகத்தின் பக்கவாட்டில், கேமராவின் ஷூ தண்டவாளத்தைத் தொடும் உலோகத் தகட்டில் வையுங்கள். விரல் உலோகத்தில் படக் கூடாது. சில நொடிகள் பிடித்து, எண் ஏறி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தி ஒரு முறை எரிய வைத்து, மறுபடி சார்ஜ் ஆனதும் இன்னொரு முறை அளந்து பாருங்கள். இரண்டில் பெரியதுதான் கணக்கு. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அந்த ஃபிளாஷின் துருவம் மாறியிருக்கிறது. எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை டிஜிட்டல் கேமராவில் நேரடியாக மாட்ட வேண்டாம்.

மீட்டர் குறைத்துக் காட்டும் விஷயத்துக்கு வருவோம். ட்ரிகர் முனைக்கு மின்சாரம் மெகா ஓம் அளவு ரெசிஸ்டர் வழியாக வருகிறது என்று சொன்னேன் அல்லவா? மீட்டரும் தன் பங்குக்கு ஒரு ரெசிஸ்டர்தான். நல்ல மீட்டர்கள் 10 மெகா ஓம், மலிவான சின்ன மீட்டர்கள் சில 1 மெகா ஓம். ஃபிளாஷுக்குள் 2 மெகா ஓம் இருந்து, உண்மையான வோல்டேஜ் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மெகா ஓம் மீட்டர் 250 காட்டும். 1 மெகா ஓம் மீட்டர் 100 காட்டும். ஊசி வைத்த பழைய அனலாக் மீட்டர் இன்னும் மோசமாக இழுத்துவிடலாம். பட்டியலுக்குப் பட்டியல் ஒரே ஃபிளாஷுக்கு வேறுவேறு எண் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையான எண் வேண்டும் என்பவர்களுக்குச் சின்ன கணக்கு ஒன்று இருக்கிறது. 10 மெகா ஓம் மீட்டரில் சாதாரணமாக ஒரு முறை அளங்கள். பிறகு சிவப்பு முனையோடு தொடராக ஒரு 10 மெகா ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து இன்னொரு முறை அளங்கள். இரண்டு எண்களையும் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால் உண்மையான வோல்டேஜ் வரும். மேலே சொன்ன உதாரணத்தில் முதல் அளவு 250, இரண்டாவது சுமார் 136. பெருக்கி, 114 ஆல் வகுத்துப் பாருங்கள், 300 ஐ ஒட்டி வரும். மின்னணுவியல் பழக்கம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டியதில்லை. மீட்டர் பத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி, ஐம்பதைத் தாண்டினால் நேரடியாக மாட்டாதே என்ற அளவு தெரிந்தால் போதும்.

நடுப்பொட்டைத் தவிர ஃபிளாஷின் அடியில் வேறு சின்னப் பொட்டுகள் இருந்தால் அது குறிப்பிட்ட ஒரு பிராண்டுக்காகச் செய்தது என்று அர்த்தம். ரெடி விளக்குச் சைகை, டி.டி.எல். (லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃபிளாஷைக் கட்டுப்படுத்தும் முறை) சைகை எல்லாம் அவற்றில் போகும். ஒவ்வொரு பிராண்டும் இவற்றை வேறு இடத்தில் வைத்தது. ஒரு பிராண்டின் ஃபிளாஷை இன்னொரு பிராண்டில் செருகினால், நடுப்பொட்டு பாதுகாப்பாக இருந்தாலும், பக்கத்துப் பொட்டு கேமராவின் தகவல் முனையில் போய் உட்காரலாம். அவற்றையும் அளந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நடுப்பொட்டு மட்டும் இணையும் அடாப்டரை இடையில் வையுங்கள்.

திறந்து பார்க்காதீர்கள்

அளப்பது வேறு, திருகாணியைக் கழற்றி உள்ளே கை வைப்பது வேறு. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், 1000 மைக்ரோஃபாரட், 330 வோல்ட் என்றால் அதில் சுமார் 54 ஜூல் சக்தி இருக்கிறது. அது இதயத்தை நிறுத்தக்கூடிய அளவு. பேட்டரியைக் கழற்றி வெகுநேரம் ஆன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து காலி செய்வதைச் சிலர் சாகசம் மாதிரி செய்கிறார்கள். உலோகம் உருகித் தெறிக்கும், கெபாசிட்டரும் கெடும். பழக்கம் இல்லாதவர்கள் உள்ளே போகவே வேண்டாம்.

ரொம்ப நாள் சும்மா கிடந்த ஃபிளாஷ் என்றால் அளப்பதற்கு முன் கொஞ்சம் பொறுமை வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உள்ளே இருக்கும் ஆக்ஸைடு படலம் பயன்பாடு இல்லாமல் மெலிந்துபோகும். புது பேட்டரி போட்டு ஆன் செய்து, ரெடி விளக்கு வந்தபின்னும் எரிய வைக்காமல் சில நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு குறைந்த பவரில் ஒன்றிரண்டு முறை, இடைவெளி விட்டு. இப்படிச் சில சுற்று போனால் படலம் தேறிக்கொள்ளும், சார்ஜ் ஏறும் நேரமும் குறையும். சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலோ, உடம்பு சூடானாலோ, வாடை வந்தாலோ உடனே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் வேலை. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரி போடுங்கள்.

பழைய ஃபிளாஷ்களில் சில, சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி ஓடும். இவை தனி ஆபத்து. சிலவற்றில் வீட்டு மின்சாரத்துக்கும் ட்ரிகர் முனைக்கும் நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது. முனையைத் தொட்டால் மெயின் கரண்ட்டைத் தொடுவது மாதிரிதான். அப்படி ஓடும் வசதி இருந்தாலும் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

மின்சாரத்தைக் கேமராவுக்கு வெளியே நிறுத்துவது

ஃபிளாஷில் 200 வோல்ட் என்று தெரிந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதில்லை. முதல் வழி, நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர். வெய்ன் சேஃப்-சிங்க் இதற்குப் பெயர் பெற்றது. மேலே நூற்றுக்கணக்கான வோல்ட் இருந்தாலும் கீழே கேமராவுக்கு 6 வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் விடும். ஆனால் பார்க்க இதே மாதிரி இருக்கும் மலிவு அடாப்டர்கள் பலவற்றுக்குள் வெறும் கம்பிதான் இருக்கும். ஷூவை சாக்கெட்டாக மாற்றுவது மட்டும் அவற்றின் வேலை. சோதிப்பது சுலபம். அடாப்டர் மேல் ஃபிளாஷை மாட்டி, அடாப்டரின் அடிப்பாகத்தில் அளந்து பாருங்கள்.

இரண்டாவது வழி ரேடியோ ட்ரிகர். கேமராவின் மேல் சின்ன டிரான்ஸ்மிட்டர், ஃபிளாஷின் அடியில் ரிசீவர். நடுவில் கம்பியே இல்லை, அதனால் ஃபிளாஷின் வோல்ட் கேமராவை எட்டிப் பார்க்கவும் முடியாது. அந்த வோல்ட்டை இப்போது ரிசீவர் தாங்க வேண்டும், அதற்கும் ஒரு வரம்பு கையேட்டில் இருக்கும். மோசமான நிலையில் போவது ரிசீவர், கேமரா அல்ல. சில டிரான்ஸ்மிட்டர்களின் தலையில் இன்னொரு ஷூ இருக்கும், அதன் மேல் ஒரு ஃபிளாஷை மாட்டிக்கொள்ளலாம். அது நேரே கேமராவுக்குப் போகும் இணைப்பு. பழைய ஃபிளாஷை அங்கே மாட்டினால் ரேடியோ வாங்கியதே வீண்.

மூன்றாவது, ஆப்டிகல் ஸ்லேவ். வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்ததும் பழைய ஃபிளாஷை எரிய வைக்கும் சின்னக் கண். கேமராவின் உள் ஃபிளாஷை மிகக் குறைந்த பவரில் வைத்தாலே அறைக்குள் இது வேலை செய்யும், கடும் வெயிலில் தடுமாறும். இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் முன்மின்னல். டி.டி.எல். முறையில் கேமரா படம் எடுப்பதற்கு ஒரு கணம் முன்பு ஒரு சின்ன மின்னலை விட்டு அளந்துகொள்ளும். ஸ்லேவ் அதைப் பார்த்து ஏமாந்து பழைய ஃபிளாஷை எரித்துவிடும். ஷட்டர் திறக்கும்போது பழைய ஃபிளாஷ் காலி. கண்ணுக்கு எல்லாம் எரிந்த மாதிரி இருக்கும், படத்தில் அந்த வெளிச்சமே இருக்காது. உள் ஃபிளாஷை மேனுவலில் வைத்தால் சரியாகிவிடும். முன்மின்னலைத் தவிர்க்கும் 'டிஜிட்டல்' ஸ்லேவ்களும் உண்டு. நிக்கான் எஸ்பி-26 ஃபிளாஷில் ஆப்டிகல் ஸ்லேவ் உள்ளேயே வந்தது. அதனால்தான் ஃபிலிம் போன பிறகும் அதற்கு மவுசு குறையவில்லை.

பாதுகாப்பு சரி, படம் வருமா?

வோல்ட் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபிலிம் கால டி.டி.எல். டிஜிட்டலில் வேலை செய்யாது. 1975-ல் ஒலிம்பஸ் ஓ.எம்.-2 கொண்டுவந்த முறையில், ஃபிலிமின் மேல் விழுந்து திரும்பும் வெளிச்சத்தை அந்த நொடியிலேயே அளந்து ஃபிளாஷை நிறுத்துவார்கள். சென்சாரின் பரப்பு ஃபிலிம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பாது. அதனால் டிஜிட்டல் கேமராக்கள் முன்மின்னல் முறைக்கு மாறின. கேனன் ஈ-டி.டி.எல். முறையை ஃபிலிம் காலத்திலேயே, 1995-ல், தொடங்கிவிட்டது. நிக்கானின் ஐ-டி.டி.எல். 2003-ல் வந்தது. கேனனின் பழைய ஈ.இசட். வரிசை ஃபிளாஷை டிஜிட்டல் ஈ.ஓ.எஸ். கேமராவில் டி.டி.எல். முறையில் வைத்தால் முழுப் பவரில் எரிந்து படம் வெளுத்துவிடும். மேனுவல் வசதி இருக்கும் மாடல் என்றால் பிழைத்தது.

ஆனால் பழைய ஃபிளாஷ்களின் 'ஆட்டோ' முறை அருமையான ஒன்று. ஃபிளாஷின் முகப்பிலேயே இருக்கும் ஒரு கண், பொருளின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் தைரிஸ்டர் மூலம் நிறுத்திவிடும். கேமரா ஃபிலிமா டிஜிட்டலா என்பது அதற்குத் தெரியவே வேண்டியதில்லை. ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் அப்பர்ச்சரையும் ஃபிளாஷ், கேமரா இரண்டிலும் ஒன்றாக வைத்தால் போதும். இதை மதிக்காமல் பலர் நேரே மேனுவலுக்குப் போகிறார்கள். நடமாடும் ஆட்களைப் படம் எடுக்க ஆட்டோதான் வசதி.

மேனுவலில், ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் வழிகாட்டி எண்தான் கணக்கு. எண்ணைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். ஐ.எஸ்.ஓ. 100-ல் எண் 36 என்றால், நாலரை மீட்டரில் எஃப் 8. ஐ.எஸ்.ஓ. 400-க்குப் போனால் எண் இரட்டிப்பாகும். அந்தக் காலத்துக் கம்பெனிகள் இந்த எண்ணைக் கொஞ்சம் தாராளமாகவே அச்சடித்தன, டிஜிட்டலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகத்தை நீங்களே கவனிக்க வேண்டும். நடுப்பொட்டு மட்டும் இணைந்த ஃபிளாஷ் மேலே இருப்பதே கேமராவுக்குத் தெரியாது, அதனால் அது உங்களைத் தடுக்காது. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 எல்லை, ரேடியோ வைத்தால் இன்னும் கொஞ்சம் கீழே. தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். மிரர்லெஸ் கேமராவில் கவனிக்க இன்னும் இரண்டு விஷயங்கள். சைலன்ட் ஷட்டர் ஆனில் இருந்தால் பல மாடல்களில் ஃபிளாஷ் எரியவே எரியாது. மேனுவலில் எஃப் 8, 1/160 என்று வைத்ததும் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். ஃபிளாஷ் இருப்பது தெரியாத கேமரா, அறையின் வெளிச்சத்தை மட்டும் வைத்து "படம் இப்படித்தான் வரும்" என்று காட்டுகிறது. எக்ஸ்போஷர் முன்காட்சியை அணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், மாட்டுவதற்கு முன் ஷூவைக் குனிந்து ஒரு முறை பாருங்கள். கேனனின் 250டி, 2000டி, 4000டி ஆகிய மாடல்களில் நடு முனையே கிடையாது. கேனன் நெறிமுறையில் பேசும் ஃபிளாஷோ ட்ரிகரோ மட்டும்தான் அங்கே எரியும். 1988 முதல் மினோல்டாவும், பிறகு 2012 வரை சோனியும் வைத்த ஷூவின் வடிவமே வேறு, சாதாரண ஃபிளாஷ் அதில் நுழையவே நுழையாது, அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரின் அடியிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேமராவில் ஏற்ற வேண்டும்.